ஐஸ் ஹாக்கி ஃபார்வர்ட் ஒருவரைப் பின்தொடர்வது எப்படி? புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதுச்சேரியில் ஐஸ் ஹாக்கி பார்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் உறவுக்காரர் வழியாகத்தான் வருகிறார்கள். டொராண்டோவுக்கோ வான்கூவருக்கோ படிக்கப் போன பிள்ளை ஒரு வீடியோ அனுப்பும். இல்லையென்றால் பாரிஸ் பக்கம் குடியேறிய சித்தப்பா மகன் ஏதாவது ஓர் ஆட்டத்துக்குப் போய்விட்டு வாட்ஸ்அப்பில் படம் போடுவான். பார்த்ததும் பிடித்துப்போகும். ஆனால் முழு ஆட்டம் ஒன்றைப் பார்க்க உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் தலை சுற்றும். பந்துக்குப் பதிலாக இருக்கும் பக் கண்ணுக்குத் தெரியாது. ஆட்கள் நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பார்கள். கோல் விழுந்ததே சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதான் தெரியும். அதோடு பலர் விட்டுவிடுகிறார்கள்.

விடாமல் இருக்க நான் சொல்லும் வழி ஒன்றுதான். அணியைப் பிடிக்காதீர்கள், ஓர் ஆளைப் பிடியுங்கள். அந்த ஆள் ஃபார்வர்டாக, அதாவது முன்வரிசையில் ஆடுபவராக இருக்கட்டும். நட்சத்திரமாக மட்டும் இருக்க வேண்டாம். மூன்றாவது, நான்காவது லைனில் (மாறி மாறி இறங்கும் மூவர் குழு) ஆடுகிற, நாளைக்கு அணியில் இருப்போமா என்று தனக்கே உறுதியாகத் தெரியாத ஒருவரைப் பிடித்து, ஒரு சீசன் முழுக்கப் பின்தொடருங்கள். டிராஃப்ட், கான்ட்ராக்ட், வெய்வர்ஸ், டிரேட், காயம், கீழ் லீகுக்கு அனுப்புவது எல்லாம் அவர் வழியாகவே புரிந்துவிடும். பெரிய நட்சத்திரத்துக்கு இதில் பாதி நடப்பதே இல்லை.

ஆட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்

ஓர் அணிக்குப் பனித்தளத்தில் ஒரே நேரத்தில் ஆறு பேர். கோலி ஒருவர், டிஃபென்ஸ் இருவர், ஃபார்வர்ட் மூவர். மூவரில் நடுவில் இருப்பவர் சென்டர், இரு பக்கமும் விங்கர்கள். 20 நிமிடப் பகுதிகள் மூன்று. வட அமெரிக்காவின் பெரிய லீகான என்எச்எல்லில் அரங்கின் தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். பக் என்பது கெட்டியான ரப்பர் வில்லை. மூன்று அங்குல விட்டம், ஓர் அங்குலத் தடிமன், எடை சுமார் 170 கிராம். துள்ளாமல் வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைத்துவிடுவார்கள்.

ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக 12 ஃபார்வர்டுகள் தயாராவார்கள். மூன்று மூன்று பேராக நான்கு லைன். முதல் இரண்டு லைன் கோல் அடிக்க. மூன்றாவது லைன் பெரும்பாலும் எதிரணியின் நல்ல லைனைக் கட்டிப்போட. நான்காவது லைன் முட்டி மோதி, மற்றவர்களுக்கு மூச்சு வாங்க நேரம் கொடுக்க. இந்தக் காலத்தில் இந்தப் பிரிவினை முன்போல் கறாராக இல்லை என்றாலும், சம்பளத்தைப் பார்த்தால் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

ஆஃப்சைட் சுலபம். எதிரணிப் பகுதியின் நீலக் கோட்டைப் பக் தாண்டுவதற்கு முன் நீங்கள் தாண்டக் கூடாது. ஐசிங் இன்னும் சுலபம். நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து எதிர்க்கோடி வரை சும்மா அடித்துவிட்டுத் தப்பிக்கக் கூடாது. இவை தவிர, எதிராளியை இடறிவிடுவது போன்ற தவறு செய்தவர் இரண்டு நிமிடம் தனிப்பெட்டியில் உட்கார வேண்டும். அந்த நேரத்தில் ஓர் அணிக்கு ஓர் ஆள் கூடுதல், அது பவர் பிளே. ஆள் குறைந்த அணி செய்வது பெனால்டி கில். மீதி விதிகள் தன்னால் வரும்.

இனி ஒரு ஷிஃப்டை, அதாவது ஓர் ஆள் தளத்தில் இறங்கித் திரும்பும் வரையிலான நேரத்தை, கிட்டே போய்ப் பாருங்கள். உங்கள் ஆள் நான்காவது லைன் சென்டர் என்று வையுங்கள். தன் கோலுக்கு இடப்பக்க வட்டத்தில் ஃபேஸ்ஆஃப், அதாவது நடுவர் போடும் பக்கை இருவர் மோதி எடுப்பது. குனிந்து, ஸ்டிக்கின் நுனியைப் பனியில் பதித்து, நடுவரின் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பக் விழுகிறது. எதிராளியின் ஸ்டிக்கைத் தூக்கிவிட்டுத் தன் காலால் பக்கைப் பின்னுக்குத் தள்ளுகிறார். டிஃபென்ஸ் அதை எடுத்துச் சுவரோரமாக அனுப்ப, விங்கர் நடுப்பகுதிக்குக் கொண்டுபோய் எதிர்மூலையில் போடுகிறார். இவர் முழு வேகத்தில் துரத்திப் போய் எதிரணி டிஃபென்ஸைத் தோளால் சுவரில் அழுத்துகிறார். பக் கிடைக்கவில்லை. உடனே திரும்பி, தன் கோல் வரை அதே வேகத்தில் ஓட வேண்டும். எதிரணி அடித்த ஷாட் காலில் பட்டுத் தெறித்து வெளியே போகிறது. அவர் பெஞ்சுக்கு வந்து தடுப்பைத் தாண்டி உள்ளே விழ, அடுத்தவர் வெளியே குதிக்கிறார். எல்லாம் சேர்த்து 45 விநாடி. டிவியில் அவர் பெயரை ஒருமுறைகூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். பயிற்சியாளரைக் கேட்டால் அருமையான ஷிஃப்ட் என்பார்.

அதனால் முதல் சில ஆட்டங்களில் பக்கைப் பார்க்காதீர்கள். சட்டையில் உள்ள எண்ணைப் பாருங்கள். அவர் எப்போது உள்ளே வருகிறார், யாருக்கு எதிராக வருகிறார், எந்த மூலையில் ஃபேஸ்ஆஃப் கொடுக்கிறார்கள். பயிற்சியாளர் அவரை எவ்வளவு நம்புகிறார் என்பது இந்த மூன்றிலேயே தெரியும்.

கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள்

புதுச்சேரியில் இருப்பவருக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம், நவம்பர் முதல் ஞாயிற்றுக்குப் பிறகு நமக்கு விடியற்காலை 5.30. அக்டோபரிலும், மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்குப் பிறகும் அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் இருப்பதால் 4.30. மேற்குக் கரை, அதாவது லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் என்றால் குளிர்காலத்தில் காலை 8.30, மற்ற நேரத்தில் 7.30. அங்கே புதன்கிழமை இரவு ஆட்டம் என்றால் இங்கே வியாழன் காலை. தேதியைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மார்கழியில் எழுந்து கோலம் போடும் வீடுகளில் 5.30 ஒன்றும் அகாலம் இல்லை. கடற்கரைச் சாலைக்கு நடக்கப் போகிறவர்கள் காதில் மாட்டிக்கொண்டு வர்ணனையை மட்டும் கேட்கலாம். ஆரம்பத்தில் ஒன்றும் விளங்காது, இரண்டு வாரத்தில் ஆள் பெயர்கள் பிடிபடும். முழு ஆட்டம் பார்க்க நேரமில்லை என்றால் என்எச்எல்லின் யூட்யூப் பக்கத்தில் சுருக்கம் போட்டுவிடுவார்கள். ஆனால் சுருக்கத்தில் உங்கள் நான்காவது லைன் ஆள் வரமாட்டார். அதனால் வாரத்துக்கு ஓர் ஆட்டமாவது, அதில் ஒரு பகுதியாவது, முழுதாகப் பாருங்கள்.

சீசன் அக்டோபர் வாக்கில் தொடங்கி ஏப்ரலில் லீக் ஆட்டங்கள் முடியும். 32 அணிகள், 2025-26 வரை அணிக்கு 82 ஆட்டம். 2026-27 முதல் 84. அப்புறம் பிளேஆஃப் எனும் கோப்பைச் சுற்றுகள். நான்கு சுற்று, ஒவ்வொன்றிலும் ஏழில் நான்கு வெல்ல வேண்டும். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை கையில் வர ஜூன் ஆகிவிடும். நமக்குக் கத்திரி வெயில் கொளுத்தும்போது அங்கே பனித்தளத்தில் ஆட்டம் உச்சத்தில் இருக்கும்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

அலெக்ஸ் ஓவெச்கினை யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 2025 ஏப்ரல் 6 அன்று 895-வது கோலை அடித்து வெய்ன் கிரெட்ஸ்கியின் 894 என்ற சாதனையை முறியடித்தவர். அவரைப் பார்த்து ரசியுங்கள். ஆனால் அவரிடம் தொழில் கற்க முடியாது. 2005-ல் வாஷிங்டன் அணிக்கு ஆட வந்தவர், அங்கேயே இருந்துவிட்டார்.

வேறு மாதிரி ஒருவரைச் சொல்கிறேன். அர்ஷ்தீப் பெய்ன்ஸ். வான்கூவர் பக்கத்துச் சர்ரே ஊரைச் சேர்ந்த பஞ்சாபிக் குடும்பத்துப் பையன், லெஃப்ட் விங். எந்த அணியும் அவரை டிராஃப்டில் (இளம் ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் முறை) எடுக்கவில்லை. 2021-22 சீசனில் மேற்குக் கனடாவின் ஜூனியர் லீகில் 112 பாயின்ட் (கோலும், கோலுக்கு வழிசெய்த பாஸான அசிஸ்டும் சேர்ந்தது) எடுத்து லீகிலேயே முதலிடம் பிடித்தார். அந்தச் சீசனில்தான் வான்கூவர் கான்ட்ராக்ட் கொடுத்தது. நேராக என்எச்எல்லில் இறக்கிவிடவில்லை. ஏஎச்எல் எனப்படும் அடுத்த படி லீகில், அப்பாட்ஸ்ஃபோர்ட் அணியில் போட்டார்கள். 2024 பிப்ரவரியில்தான் முதல் என்எச்எல் ஆட்டம், அந்த அக்டோபரில் முதல் கோல். அதற்குப் பிறகும் மேலே கீழே என்று போய் வந்தார். வான்கூவருக்கும் அப்பாட்ஸ்ஃபோர்டுக்கும் இடையே புதுச்சேரிக்கும் சிதம்பரத்துக்கும் உள்ள தூரம்தான். ஆனால் அந்தத் தூரத்துக்குள்தான் சம்பளமும் வாழ்க்கையும் மாறுகிறது.

இப்படிப்பட்ட ஒருவரை நீங்களே தேடுங்கள். எலைட் ப்ராஸ்பெக்ட்ஸ், ஹாக்கி ரெஃபரன்ஸ் போன்ற தளங்களில் எந்த ஆட்டக்காரரின் முழு வரலாறும் ஒரே பக்கத்தில் கிடைக்கும். வயது 22-க்கும் 26-க்கும் இடையில் இருந்தால் நல்லது. ஏறுகிறாரா இறங்குகிறாரா என்று இன்னும் முடிவாகாத வயது.

பயிற்சிக்கு, முடிந்துபோன ஓர் ஆட்ட வாழ்க்கை: மேனி மல்ஹோத்ரா

நடந்துகொண்டிருப்பதைப் படிப்பதற்கு முன், முடிந்த ஒன்றைப் படித்துப் பழகுங்கள். என் தேர்வு மேனி மல்ஹோத்ரா. கனடாவின் மிசிசாகாவில் 1980-ல் பிறந்தவர். அப்பா இந்தியர், அம்மா பிரெஞ்சுக் கனடியர். இந்திய வம்சாவளியில் என்எச்எல்லில் ஆடிய இரண்டாமவர். முதலாமவர் ராபின் பாவா, 1989-ல் வாஷிங்டனுக்காக இறங்கியவர்.

மல்ஹோத்ராவின் பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழே வாருங்கள். 1998 டிராஃப்டில் ஏழாவதாக நியூயார்க் ரேஞ்சர்ஸ் எடுத்தது. டிராஃப்ட் என்பது 18 வயதானவர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பது. கடைசியில் முடித்த அணிகளுக்கு முன்னுரிமை, சற்றுக் குலுக்கலும் உண்டு. இப்போது ஏழு சுற்று, 224 பெயர். ஏழாவது இடம் என்றால் பெரிய எதிர்பார்ப்பு. அவர் 18 வயதிலேயே 73 ஆட்டம் ஆடினார், 16 பாயின்ட். பரவாயில்லை. அடுத்த வரியில் கண் நிற்கும். 27 ஆட்டம், பாயின்ட் பூஜ்ஜியம். அதே சீசனில் கீழே ஜூனியர் அணி ஒன்றின் பெயரும், ஹார்ட்ஃபோர்ட் என்ற ஏஎச்எல் அணியின் பெயரும் இருக்கும். ஒரே ஆண்டில் மூன்று சட்டை. 19 வயதுப் பையனுக்கு இது அவமானமா? பத்திரிகைகள் அப்படித்தான் எழுதும். ஆனால் அந்த ஹார்ட்ஃபோர்ட் அணி அந்த ஆண்டு ஏஎச்எல் கோப்பையான கால்டர் கோப்பையை வென்றது, இவரும் அதில் இருந்தார். இந்த இடத்தை நினைவில் வையுங்கள்.

2002 மார்ச்சில் டல்லாஸுக்கு டிரேட், அதாவது அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்வது. 2003 நவம்பரில் டல்லாஸ் அவரை வெய்வர்ஸில் போட்டது. அதாவது, வேண்டுமானால் வேறு யாராவது எடுத்துக்கொள்ளலாம் என்று பெயரைப் பொதுப் பட்டியலில் போடுவது. மற்ற அணிகளுக்கு 24 மணி நேரம். யாரும் கேட்கவில்லை என்றால் கீழ் லீகுக்கு அனுப்பிவிடலாம். கொலம்பஸ் கேட்டது. பதிலுக்கு எதையும் கொடுக்காமல், ஏழாவது இடத்தில் தேர்வான ஒருவரை எடுத்துக்கொண்டது. அப்போது வயது 23. தோற்றுப்போனவர் என்று முத்திரை விழும் வயது அதுதான்.

கொலம்பஸில் அவர் வேறு ஆளாக ஆனார். கோல் அடிப்பவர் என்ற எதிர்பார்ப்பை விட்டுவிட்டு, ஃபேஸ்ஆஃப் வெல்பவர், பெனால்டி கில் செய்பவர், தன் கோல் பக்கம் ஆபத்தான நேரத்தில் இறக்கிவிடப்படுபவர் என்று ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டார். அட்டவணையில் இது நேராகத் தெரியாது. பாயின்ட் கொஞ்சம்தான் கூடியிருக்கும். ஆட்ட எண்ணிக்கையைப் பாருங்கள், சீசனுக்குச் சீசன் ஐம்பதுக்கு மேலேயே நிலையாக நிற்கும். இந்த நிலைத்தன்மைதான் ஒரு ஃபார்வர்டுக்கு வேலை கிடைத்துவிட்டது என்பதற்கு அடையாளம். 2009-10-ல் சான் ஹோசேக்குப் போய் 14 கோல் அடித்தார். அதுவே அவருடைய அதிகபட்சம். அடுத்த ஆண்டு வான்கூவர் மூன்று ஆண்டுக்கு 75 லட்சம் டாலர் கொடுத்து எடுத்துக்கொண்டது.

2011 மார்ச்சில், கொலராடோவுக்கு எதிரான ஆட்டத்தில் பக் இடது கண்ணில் அடித்தது. ஹெல்மெட்டில் மாட்டும் முகக் கண்ணாடியை அவர் அணிந்திருக்கவில்லை. பல அறுவைச் சிகிச்சைகள். ஜூனில் ஸ்டான்லி கோப்பை இறுதியின் இரண்டாவது ஆட்டத்துக்கு, முழு முகக் கவசத்துடன் திரும்பி வந்தார். வான்கூவர் அரங்கம் எழுந்து நின்றது. அந்த இறுதியில் ஏழாவது ஆட்டம் வரை போய் பாஸ்டனிடம் தோற்றார்கள். பார்வை பழையபடி ஆகவே இல்லை. 2013-ல், இந்தக் கண்ணோடு ஆடுவது ஆபத்து என்று அணியே அவரை உட்கார வைத்தது. 2013-14 முதல் லீகில் புதிதாக வருகிறவர்களுக்கு முகக் கண்ணாடி கட்டாயம் என்று விதி வந்தது.

பெரும்பாலோர் அத்தோடு முடித்திருப்பார்கள். இவர் மறுபடி ஏஎச்எல்லில், சோதனை ஒப்பந்தத்தில் ஷார்லட் அணிக்குப் போனார். அங்கிருந்து கரோலைனா, பிறகு மான்ட்ரியால். மொத்தம் 991 என்எச்எல் ஆட்டம், 116 கோல், 179 அசிஸ்ட். 1,000-க்கு ஒன்பது குறைவு. அந்த ஒன்பதுக்காக வருத்தப்படுகிற ரசிகர்கள் உண்டு. எனக்கு 23 வயதில் வெய்வர்ஸில் கிடந்தவர் 991 ஆடினார் என்பதுதான் கணக்கு.

ஓய்வுக்குப் பிறகு வான்கூவரிலும் டொராண்டோவிலும் உதவிப் பயிற்சியாளர். 2024-ல் அப்பாட்ஸ்ஃபோர்டின் தலைமைப் பயிற்சியாளர். 2025 ஜூனில் அந்த அணி கால்டர் கோப்பையை வென்றது. ஆட்டக்காரராக வென்று 25 ஆண்டு கழித்துப் பயிற்சியாளராக. அந்த அணியில் மேலே சொன்ன பெய்ன்ஸும் இருந்தார்.

எண்களைப் படிப்பது

ஆட்டம் முடிந்ததும் பாக்ஸ் ஸ்கோர் எனும் ஆட்டக் கணக்கு அட்டவணையைப் பாருங்கள். உங்கள் ஆளின் வரி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: கோல் 0, அசிஸ்ட் 0, பிளஸ் 1, ஷாட் 2, ஹிட் (உடலால் மோதியது) 3, ஃபேஸ்ஆஃப் 11-ல் 7, மொத்த நேரம் 11.40, அதில் ஆள் குறைந்த நேரம் 2.30.

புதியவர் இதைப் பார்த்து ஒன்றும் செய்யவில்லை என்பார். வலப்பக்கமிருந்து படியுங்கள். ஆள் குறைவாக இருந்தபோது இரண்டரை நிமிடம் இறக்கியிருக்கிறார்கள் என்றால் பயிற்சியாளரின் நம்பிக்கை இருக்கிறது. ஃபேஸ்ஆஃப் 63 சதவீதத்துக்கு மேல். 50-ஐத் தாண்டினாலே நல்லது, மல்ஹோத்ரா வான்கூவரில் ஆடிய முதல் சீசனில் 60-ஐத் தாண்டினார். பிளஸ் 1 என்றால் இவர் தளத்தில் இருந்தபோது தன் அணி, அடித்ததில் வாங்கியதைக் கழித்தால், ஒரு கோல் முன்னே. இதில் பவர் பிளே கோல்களைச் சேர்ப்பதில்லை. ஓர் ஆட்டத்துப் பிளஸ் மைனஸை நம்பவே வேண்டாம், சீசன் முழுக்கச் சேர்த்தாலும் பாதிதான் நம்பலாம். மோசமான அணியில் நல்லவரும் மைனஸில் இருப்பார்.

பாயின்ட் என்பது கோலும் அசிஸ்டும் சேர்ந்தது. ஒரு கோலுக்கு இரண்டு அசிஸ்ட் வரை கொடுப்பார்கள், இரண்டுக்கும் மதிப்பு சமம். அசிஸ்டைக் குறைவாக எடைபோட வேண்டாம். கிரெட்ஸ்கியின் மொத்தப் பாயின்ட் 2,857, அதில் அசிஸ்ட் மட்டும் 1,963. இரண்டாம் இடத்தில் இருக்கும் யாரோமிர் யாகரின் கோலையும் அசிஸ்டையும் சேர்த்தாலே 1,921தான். கிரெட்ஸ்கி வாழ்நாளில் ஒரு கோல்கூட அடிக்காமல் இருந்திருந்தாலும் பட்டியலில் முதலிடம் அவருக்கே.

எல்லாவற்றையும்விட நான் முதலில் பார்ப்பது ஆட்ட நேரம். 14 நிமிடம் இருந்தது 12 ஆகி, 9 ஆகி, ஒருநாள் பட்டியலிலேயே பெயர் இல்லை என்றால் ஏதோ நடக்கப்போகிறது. டிரேட் செய்தி உங்களுக்கு அதிர்ச்சியாக இராது.

காசு

2025-26-ல் ஓர் அணி மொத்தச் சம்பளமாகச் செலவிடக்கூடிய உச்சவரம்பு 9.55 கோடி டாலர். தனியொருவரின் குறைந்தபட்சச் சம்பளம் 7,75,000 டாலர், நம் பணத்தில் ஆறு கோடிக்கு மேல். கேட்டதும் வாய் பிளக்கும். ஆனால் அதில் வரி போகும், ஏஜென்ட் பங்கு போகும், எஸ்க்ரோ என்று ஒரு பகுதியைப் பிடித்து வைப்பதும் உண்டு. லீக் வருமானத்தை உரிமையாளர்களும் ஆட்டக்காரர்களும் பாதிப் பாதி பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தம் இருப்பதால், கணக்கு நேராகும் வரை அந்தப் பிடித்தம். பிளேஆஃபில் சம்பளமே கிடையாது, பொது நிதியிலிருந்து ஒரு பங்குதான். நம்மூரில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

இளம் ஆட்டக்காரர்களின் முதல் கான்ட்ராக்ட் பெரும்பாலும் இருவழி. மேலே ஆடினால் ஒரு சம்பளம், கீழே ஏஎச்எல்லில் ஆடினால் அதில் ஒரு சிறு பகுதி. அதனால்தான் காலையில் கூப்பிட்டு மேலே வரச் சொன்னால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அப்புறம், பொதுவாக 27 வயதோ ஏழு சீசனோ ஆகும் வரை முழுச் சுதந்திரம் இல்லை. வேறு அணி கூப்பிட்டாலும் அதே தொகையைக் கொடுத்துத் தக்கவைத்துக்கொள்ளும் உரிமை பழைய அணிக்கு இருக்கும். அந்த வரம்பைத் தாண்டிய பிறகுதான் ஜூலை 1 அன்று சந்தையில் தன் விலையைத் தானே கேட்கலாம். பெரும்பாலான ஃபார்வர்டுகளின் நல்ல ஆட்டம் இருபதுகளின் நடுவில் என்பதால், விலை கேட்கும் உரிமை கிடைக்கும்போது உச்சம் கடந்துகொண்டிருக்கும். இதில் நியாயம் இருக்கிறதா என்றால் எனக்கு இல்லை என்றுதான் படுகிறது. கான்ட்ராக்ட் விவரங்களுக்குப் பக்பீடியா தளம் போதும்.

பிரான்ஸ் வழி

புதுச்சேரிக்காரர்களுக்கு இது தனியாக. வட அமெரிக்கப் பாதையில் போகாமலும் ஒரு ஃபார்வர்ட் வாழலாம் என்பதற்கு பியேர்-எதுவார் பெல்மாரைப் பாருங்கள். பாரிஸ் புறநகரான லெ பிளான்-மெனிலில் 1985-ல் பிறந்தவர். டிராஃப்ட் கிடையாது. ருவான் அணியில் ஆடி, ஸ்வீடனில் இரண்டாம் நிலை லீகில் இருந்த லெக்சாண்டுக்குப் போய், அங்கிருந்து ஸ்கெலெஃப்டியோவுக்கு ஏறி 2013, 2014 இரண்டு ஆண்டும் ஸ்வீடன் சாம்பியன் ஆனார். 29 வயதில் ஃபிலடெல்ஃபியாவுக்காக முதல் என்எச்எல் ஆட்டம். மற்றவர்கள் இறங்கத் தொடங்கும் வயதில் இவர் ஏறினார். வேகஸ், கொலராடோ, டாம்பா, சியாட்டில் என்று சுமார் 700 ஆட்டம், எல்லாம் நான்காவது லைனில், பெனால்டி கில்லில். கொலராடோவை விட்டு 2021-ல் டாம்பாவுக்குப் போனார். 2022 இறுதியில் டாம்பா தோற்றது, கொலராடோவிடமே. 2024-ல் சுவிட்சர்லாந்தின் அஜுவா அணிக்குப் போனார்.

பாரிஸ் பக்கம் உறவினர் இருந்து நீங்கள் குளிர்காலத்தில் போவதாக இருந்தால், செர்ஜியில் ஆரன் ஐஸ் அரங்கம் இருக்கிறது. 2016-ல் திறந்தது, செர்ஜி-போந்துவாஸ் அணியின் இடம். ஓர் ஆட்டத்தை நேரில் பாருங்கள். ஸ்கேட் பனியைக் கீறும் சத்தமும் ஆட்கள் ஒருவரையொருவர் கத்திக் கூப்பிடுவதும் டிவியில் வராது. நல்ல ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள், உள்ளேயும் குளிரும்.

வீட்டில் பிள்ளை கேட்டால்

நானும் ஆடுகிறேன் என்று பத்து வயதுப் பிள்ளை கேட்பது நடக்கத்தான் செய்யும். உண்மையைச் சொல்லிவிடுங்கள். என்எச்எல்லுக்குப் போகிறவர்கள் நான்கைந்து வயதில் பனியில் நிற்கத் தொடங்கியவர்கள். பாலைவன அரிசோனாவில் வளர்ந்த ஆஸ்டன் மேத்யூஸ் 2016 டிராஃப்டில் முதலிடம் பிடித்தார் என்று சொல்லி ஆசை காட்டுவார்கள். அங்கே ஊரைச் சுற்றிச் செயற்கைப் பனித்தளங்கள் இருந்தன, நமக்கு இல்லை.

ஆனால் இன்லைன் ஸ்கேட்டில் தொடங்கலாம். நான்கு சக்கரமும் ஒரே வரிசையில் உள்ளதை வாங்குங்கள், இரண்டிரண்டாக உள்ளது ஐஸுக்கு உதவாது. வளரும் பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிவிடாதீர்கள், கணுக்கால் ஆடும். ஹெல்மெட், முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் காப்பு எல்லாம் வேண்டும். கடற்கரைச் சாலையில் மாலை நேரக் கூட்டத்தில் பழக வேண்டாம், விடுமுறை நாளில் காலியாகக் கிடக்கும் பள்ளி வளாகம் கிடைத்தால் அதுவே நல்லது. முதலில் நிற்கவும் இரு பக்கமும் திரும்பி நிறுத்தவும் வரட்டும், ஸ்டிக் அப்புறம் கையில் கொடுக்கலாம்.

இந்தியாவில் உண்மையான ஐஸ் ஹாக்கி லடாக்கிலும் ஹிமாசலத்தின் ஸ்பிதியிலும்தான் வேர்விட்டிருக்கிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளங்களும் திறந்தவெளித் தளங்களும் உறைந்து கிடக்கும். இந்தியப் பெண்கள் அணி 2025-ல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது. பெரும்பாலும் லடாக், ஸ்பிதிப் பெண்கள். அந்த அணியின் ஃபார்வர்டுகளைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள், பிள்ளைக்கு அவர்கள் ஓவெச்கினைவிடக் கிட்டத்தில் இருப்பார்கள்.

எப்போது தொடங்குவது

செப்டம்பரில். அப்போது ஒவ்வோர் அணியும் பயிற்சி முகாமுக்கு ஐம்பது அறுபது பேரைக் கூப்பிடும். அந்தப் பட்டியலைத் திறந்து ஃபார்வர்டுகளில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அக்டோபர் தொடக்கத்துக்குள் பட்டியல் 23 பேராகச் சுருங்கிவிடும், ஃபார்வர்டுகள் 13, 14 பேர் மிஞ்சுவார்கள். வெட்டு விழும் ஒவ்வொரு நாளும் உங்கள் ஆளின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏஎச்எல் அணியின் பக்கத்துக்குப் போங்கள், அங்கே இருப்பார். அவரையே தொடருங்கள்.